கரண்ட் உள்ள ஊர்

எங்கள் ஊர் ஆந்திராவா, மெட்ராஸா என்று முடிவாகாத வரை கரண்ட் கம்பம் நட யாரும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில், சூளூர்பேட்டை லாரி ஷெட்டில் வேலை பார்த்த என் நைனா, பழைய டைனமோ ஒன்றுக்கு மர இறக்கை செதுக்கி, கூரைக்கு மேலே கம்பத்தில் ஏற்றினார். காற்றடித்தால் பேட்டரி ஏறும். ஒரே ஒரு பல்பு எரியும்.

ஆந்திரா என்று முடிவானதும், கரண்ட் இல்லாத ஊர்களை எழுத ஓர் அதிகாரி வந்தார். ஊரில் முதல் வீடு எங்களுடையது. நைனா வேலைக்குப் போயிருந்தார். "கரெண்ட் உந்தா?" என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். புது ராஜ்ஜியத்துக்காரர் எங்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. "உந்தி", இருக்கிறது என்று சொல்லிப் பட்டப்பகலில் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். அவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் போகவில்லை.

மறு வருஷம் கம்பங்கள் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டன. கரண்ட் ஆபீசில் போய்க் கேட்ட நைனாவிடம், "கரண்ட் உள்ள ஊருன்னு எழுதிக்கீது" என்றார்கள். ஐப்பசிப் புயலில் இறக்கை முறிந்தது; நைனா அதைத் திரும்பச் செய்யவில்லை.

அதே மழையில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம். சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் தீர்ந்து அது அணைந்தது. இருட்டில் அவளுடைய அம்மா சொன்னாள்:

"உங்க ஊட்லதான் கரண்ட் கீதே. போய் எத்துனு வா."