கண்ணாடிக் குண்டில் கள்ளி

பினாங்கில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே செஞ்சியில் வாசலுக்கு வாசல் ஒரு கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது பாட்டுக்குக் குருத்து விடுகிறது. கண்திருஷ்டிக்காம். கல்யாணமாகிக் கப்பலில் வந்திறங்கிய புதிதில், ஐயோ பாவம் என்று அதை அவிழ்த்து மண்ணில் நட்டுவிட்டேன்! மாமியாரிடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

பெட்டியில் புடவையைவிடப் பத்திரமாக நான் கொண்டுவந்தவை ஐந்து கண்ணாடிக் குண்டுகள். பினாங்கு வீட்டில் அவற்றுக்குள் பாசியும் பெரணியும் வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். செஞ்சி வெயிலில் பெரணி பத்தே நாளில் கருகியது. இந்த ஊருக்கே நான் வேண்டாம் போலிருக்கிறது என்று அழுதேன். பிறகு ரோஷம் வந்தது. மலையடிவாரப் பாறையிடுக்கில் கொழுகொழுவென்று நின்ற கள்ளியையும் கற்றாழைக் கன்றையும் பெயர்த்து வந்து, மணலும் சரளையும் போட்டு நட்டு, கூடத்து உத்தரத்தில் மாட்டினேன். ஐந்தும் பிடித்துக்கொண்டன!

"சுடுகாட்டுல மொளைக்கிற கள்ளிய நடுவூட்டுலயா மாட்டுவாங்க? நாளைக்கு சரோஜாவப் பொண்ணு பாக்க வராங்க. கழட்டிடு" என்றார் அத்தை. நாத்தனார் சரோஜாவுக்கு அதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா உன்னாலதான்."

நான் ஏணியை எடுத்தேன். சரோஜா வந்து பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் அண்ணி. அழகா இருக்குது." அவள் சொன்னதற்காக விட்டேன்.

அவலூர்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்க்கவில்லை, உத்தரத்தைத்தான் பார்த்தார். "இன்னாம்மா இது! ஊர்ல எல்லாம் வாசல்ல ஒண்ணு கட்டுவாங்க. நீங்க அஞ்சு கட்டிவச்சிக்கிறீங்க, அதுவும் கண்ணாடில!"

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் தன் கணவர் பக்கம் திரும்பினார். "அவ்ளோ கண்ணு படற வூடு போல. நல்லா வாழற குடும்பந்தான்."

"ஆமாமா, ஊரு கண்ணு பொல்லாதது" என்றார் அத்தை, கொஞ்சமும் அசராமல்! நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன். அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார்கள்.

சரோஜா ஒரு குண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புகுந்தவீடு போனாள். அங்கே அதற்குப் பெயர் பினாங்குச் செடியாம். கள்ளி செஞ்சிப் பாறையில் பிறந்தது, கண்ணாடி மட்டும்தான் நம்மூர். உங்கள் ஏர்மெயில் கடிதங்களில் நான் செஞ்சிக்காரி. இந்தத் தெருவில் பினாங்குக்காரி.

நேற்று மீதி நான்கில் ஒரு கள்ளி சிவப்பாகப் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. எல்லோரும் போனதும் அத்தை ஏணியில் ஏறி, என் குண்டுகளுக்கு நடுவே ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டினார்.

"பினாங்குக்காரி வச்ச செடி. கண்ணு பட்டுடும்."