சமையலறை வாசலில் ரவி கேட்ட கேள்வி

என் கணவர் ரவி குடித்துக்கொண்டிருந்தார். இதைச் சபையாராகிய உங்கள் முன் சொல்ல அவரே எனக்குச் சம்மதம் தந்திருக்கிறார்.

வேர்ஹவுஸ் வேலை முடிந்து வந்தால் உடம்பு வலி என்று ஒரு கிளாஸில்தான் தொடங்கியது. பிறகு வலி இல்லாத நாளிலும் கிளாஸ். சென்ற ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில், ஈரல் வீங்கிவிட்டது என்றார் டாக்டர். பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் அபி போனில் சொன்னாள்: "அம்மா, அப்பா இப்பிடிக் குடிச்சுக்கொண்டிருந்தா நான் வீட்டை வரமாட்டன்."

அழுதேன். கெஞ்சினேன். போத்தல்களைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். அவர் வேறு வாங்கி வந்தார். நாங்கள் வால்தம்ஸ்டோ ஊரில் கூடும் ஜெபக்கூட்டத்தில் எல்லோருடைய வீட்டுக்காகவும் ஜெபித்தேன்; என் வீட்டைப் பற்றி வாய் திறக்க வெட்கம். "ஆண்டவரே, இந்த மனுஷனை எனக்குத் திருப்பித் தாரும்" என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனதுக்குள் கேட்பேன். பரலோகம் அடைத்துக் கிடப்பதாகவே தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண்கள் கூட்டத்தில் பேசும்படி போதகர் என்னைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் நம் முன்னோருக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரிமார், எப்படிப்பட்ட ஆன்மிக எழுப்புதலில் இருந்து புறப்பட்டு வந்தார்கள் என்பதே பொருள். வாசிக்கத் தொடங்கினேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டிலும் சாராயம் ஓடியிருக்கிறது. வயலில், பட்டறையில், போதகர்மார் கூடும் இடத்திலும்கூட. எழுப்புதல் வந்தபின் மக்கள் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. அடிமைத்தனம் பாவம் என்று சிலர் எழுந்து நின்றார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஊர் ஊராக மதுவிலக்குச் சங்கம் அமைத்தார்கள்.

என் வீட்டை இப்படி வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு மதுவிலக்கைப் பேசுவது? முடியாது என்று போதகரிடம் சொல்லிவிடவே நினைத்தேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை, புட்டு அவித்தபடி, எழுதியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். குடியில் கிடந்து தவித்தவர்களே பின்னர் கூட்டம் கூடி, ஒளிக்காமல் தங்கள் கதையைச் சொல்லி, ஒருவரை ஒருவர் தாங்கினார்கள் என்ற இடத்துக்கு வந்தபோது திரும்பினேன். ரவி வாசலில் நின்றார்.

"அப்ப அந்த ஆக்கள் குடியைத் தனிய விடேல்லையோ?"

"இல்லையப்பா. தனிய ஏலாதெண்டுதான் ஒண்டாச் சேர்ந்தவை."

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கும் தனிய ஏலாமக் கிடக்கு. இஞ்சை அப்பிடி ஒரு கூட்டம் இருக்கோ?"

அடுப்பை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். போத்தலை எடுத்துப்போடும் என்றுதான் நான் இத்தனை காலமும் ஜெபித்தேன். கர்த்தரோ அவர் வாயிலேயே உதவி கேட்கும் வார்த்தையை வைத்தார்.

இருவருமாக டாக்டரிடம் போனோம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று சொல்லி, மருந்து தந்து, கவனமாகப் பார்த்துக் குறைக்க வைத்தார். பார்க்கிங் என்ற ஊரில் குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் ஒரு கூட்டம் கிடைத்தது. அங்கே முன்பே மீண்டு வந்த ஒரு தமிழ்ச் சகோதரர் ரவிக்குத் துணையானார். இடையில் ஒருமுறை ரவி சறுக்கினார். ஆனால் இம்முறை ஒளிக்கவில்லை. என் முன்னாலேயே அந்தச் சகோதரருக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, திரும்பக் குடிச்சுப்போட்டன்."

"பரவாயில்லைத் தம்பி. நான் இப்பவே வாறன், வீட்டிலையே நில்லும்."

அவர் வந்தார். அதன்பின் ரவி தொடவில்லை.

பெண்கள் கூட்டத்தில் நான் பேசினேன். என்னைக் காரில் கொண்டுவந்து விட்ட ரவி, போகாமல் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டார். கிறிஸ்துமஸுக்கு அபி வீட்டுக்கு வந்தாள். மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஈரல் தேறி வருகிறது என்கிறார் டாக்டர். என் வீட்டில் இப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கர்த்தருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது இந்தப் பாரம் இருந்தால், ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுத் தனியே கிடக்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் ரவி தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். ஒரு கோப்பை கேளுங்கள். மற்றதை அவர் விளங்கிக்கொள்வார்.