கைகளால் பேசியவர்

துப்பாக்கி வெடித்ததும் தியேட்டரே கைதட்டியது. எனக்கு முன்வரிசையில், ஒருபுறம் மனைவியும் மறுபுறம் பத்து வயது மகளும் இருக்க, திரையில் சுடப்பட்ட பாத்திரத்தில் நடித்தவரே உட்கார்ந்திருந்தார். படத்தில் அவர் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த உயிர். நேரில் ஹவுராவில் லேத் பட்டறைத் தொழிலாளி, பிறவியிலேயே காது கேளாதவர். தொண்ணூறுகளில் நடந்தது.

அந்தப் படத்துக்கு முதலில் நான்தான் எடிட்டர். அப்பா துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்த கல்கத்தாவில், வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமுமாக வளர்ந்தவள். கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு விண்கலம் இறங்குகிறது. எல்லோரும் பயந்து ஓட, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ஒருத்தி மட்டும் அருகே போகிறாள். வந்த உயிருக்குக் குரல் கிடையாது. இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரையொருவர் புரிந்துகொள்வதுதான் படம். பயந்தவன் கைதான் முதலில் ஆயுதத்தைத் தேடும் என்பார் இயக்குநர். நம்பினேன்.

அந்தக் கைமொழியை உருவாக்கியவர் பட்டறைக்காரர். மூன்று மாதம் விடுப்பெடுத்து, தினமும் டாலிகஞ்ச் ஸ்டுடியோவுக்கு வந்தார். 'பசி', 'வீடு', 'நீ யார்' என்று அவர் காட்டிய சைகைகளைப் பிலிமில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தே நானும் பாதி கற்றுக்கொண்டேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒரு ஃபிரேமைக்கூட வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, "சண்டை எங்கே?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் இயக்குநர் என் மேசைக்கு வந்து, குனிந்த தலையோடு, வங்காளத்தில் அக்கா முறை வைத்துச் சொன்னார்:

"தீதி, அந்தப் பேசற காட்சியை எடுத்துடுங்க. கடைசியில பட்டாளம் வந்து சுடற மாதிரி, வேற ஆளுக்கு வேஷம் போட்டு எடுத்துக்கறோம்."

எனக்குக் கோபம் வந்தால் வங்காளம் ஓடிப்போகும். "வெக்கமா இல்ல உனக்கு? அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தே?" என்று தமிழிலேயே கத்தினேன். வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் அவருக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். வேறொருவர் வெட்டி முடித்தார்.

வெளியேறியதையே பெரிய வீரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது, தள்ளிப்போட்டேன். யாரும் எதுவும் சொல்லாததால் அவர் புதுச்சட்டையும் பெருமையுமாகக் குடும்பத்தோடு படம் பார்க்க வந்துவிட்டார்.

கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் சுற்றிலும் திரும்பி, தட்டும் கைகளைப் பார்த்தார். மகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. விளக்கு எரிந்ததும் என்னைக் கண்டுகொண்டு, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று சைகையில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் அதற்குப் பதில் இல்லை. எந்த மொழியில்தான் இருந்தது?

பல வருடங்கள் கழித்து இயக்குநர் போன் செய்தார். அந்தப் படத்தை ஒரு விழாவில் திரையிடுகிறார்களாம், மனிதநேயப் படம் என்று. நான் வந்து பேச வேண்டுமாம்.

"அந்தப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாச்சா?" என்றேன்.

"யாரு, அந்த ஊமையா?"

"ஆமா. உங்க படத்துல பேசத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

போனை வைத்தேன். விழாவுக்குப் போகவில்லை.