செடிச் சுவரும் பயில்வானும்

என் அண்ணிக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தது என் அண்ணன். எதைக் கண்டாலும் அவளுக்குப் பயம் என்பதால் அந்தப் பெயர். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்குள் வந்த அன்றே, பின்பக்கமாக வெளியே போக வழி இருக்கிறதா என்று என்னிடம் காதோடு காதாகக் கேட்டாள். எதற்கு என்றேன். தீ கீ பிடித்தால் என்றாள். லிஃப்டில் ஏற மாட்டாள். படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரை மூடுவாள், மூடியதை எழுந்து போய் இன்னொரு தரம் பார்ப்பாள். அண்ணன் இதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் அண்ணனின் தங்கை, அதே வீட்டு மாடியில் இருக்கிறேன். ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனை மாட்டிக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தபிறகும் பணிந்து பேச என்னிடம் எதுவும் மிச்சம் இருக்காது. அண்ணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிற வேலை. அண்ணன் டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு மேனேஜர். தரையும் சுவரும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இனிக் குழந்தை இல்லை என்று உறவெல்லாம் கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். உருண்டை என்று கூப்பிடுகிறோம். நானும் அண்ணியும் ஷிஃப்டை மாற்றி மாற்றிப் போட்டு அவனைப் பார்த்துக்கொண்டோம். அதுவரை அண்ணியின் பயம் நாலா பக்கமும் அலைந்துகொண்டிருந்தது. அவன் தவழ ஆரம்பித்ததும் எல்லாப் பயமும் அவன் பின்னாலேயே முழங்கால் போட்டுத் தவழ்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குச் செடிச் சுவர் ஆசை வந்தது. வீடியோ வீடியோவாகப் பார்த்தான். வெல்டிங் கடையில் சொல்லி, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை ஓர் இரும்புச் சட்டம் அடித்து வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிய சுவரில் டிரில்லிங் மிஷினால் ஓட்டை போட்டுச் சட்டத்தை ஸ்க்ரூ வைத்து இறுக்கினான். அதில் வரிசை வரிசையாகத் துணிப் பைகள், பைகளில் மண்ணும் தேங்காய் நாரும், மணிபிளாண்ட், பெரணி, இன்னும் என்னென்னவோ. உச்சியில் ஒரு வாளி. அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி எல்லாப் பைகளையும் நனைத்துக் கீழே தட்டில் விழும். மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது.

பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹாலுக்குள் நுழைந்தால் கண் குளிர்ந்தது. அண்ணியே பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள்.

பிறகு டிரிப்பர் விழ ஆரம்பித்தது. டிரிப்பர் என்றால், மின்சாரம் எங்காவது கசிந்தால் தானாக வீட்டு லைனை அறுத்துவிடும் சின்னப் பெட்டி. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரத்தில் படக்கென்று விழும், வீடே இருட்டாகும். அண்ணன் தூக்கிவிடுவான், மறுபடி விழும். டிவியில் மேட்ச் முக்கியமான கட்டத்தில் இருந்தபோது ஒரு நாள் விழுந்தது. அவ்வளவுதான், ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தான். பெட்டியில்தான் கோளாறு என்று தீர்மானித்து, அதை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக மெயின் சுவிட்சோடு முறுக்கிவிட்டான். அதற்குப் பிறகு கரண்ட் போகவே இல்லை. பார்த்தாயா என்றான் என்னிடம்.

அந்த வாரமே ஒரு நாள், செடிக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோது, வீடு துடைத்த ஈரக் காலோடு அண்ணி ஓர் இலையைக் கிள்ளப் போனாள். புறங்கை சட்டத்தில் பட்டது. சுர்ரென்று முழங்கை வரை ஏறியதாம். மாடிக்கு ஓடி வந்து கையை நீட்டிக் காட்டினாள். காட்ட ஒரு தடமும் இல்லை.

அண்ணனிடம் சொன்னோம். செடியில் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டான். எழுந்து போய் இரண்டு உள்ளங்கைகளாலும் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

"பயில்வான், பயம் உன் கையில இருக்கு. கம்பியில இல்ல."

அண்ணி மறுநாள் காலையில் தனியாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் தண்ணீர் விட்ட பிறகு தொட்டாள். சுர்ரென்றது. அண்ணனைக் கூப்பிட்டாள். வந்தான், பிடித்தான், ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில், போனில், கடையில் எல்லாம் அவனுக்கு அதுதான் கேலிப் பேச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்றதற்கு, செடிக்கு எலக்ட்ரீஷியனா, ஊர் சிரிக்கும் என்றான். நானே போன் செய்தேன். வெளியூரில் இருக்கிறேன், திங்கட்கிழமை காலையில் வருகிறேன் என்றார் எலக்ட்ரீஷியன்.

அண்ணி ஆடிப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக அவளுடைய பயம் எதுவும் நடந்ததில்லை, அது அவளுக்கே தெரியும். இதுவும் அப்படித்தானோ, எனக்குத்தான் புத்தி பேதலிக்கிறதோ என்று என்னிடம் கேட்டாள். கேட்டபோது கண் உருண்டை மேலேயே இருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற பருவம் அவனுக்கு. நாற்காலிக் கால், கட்டில் கால், என் பாவாடை, எது கிடைத்தாலும் பிடிப்பான். ஹாலில் அவன் கைக்கு வாகாக இருந்தது அந்தச் சட்டம்தான். பிள்ளையைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஹால் வாசலில் நாற்காலிகளை அடுக்கினாள். சொந்த வீட்டில் பிள்ளையை ஜெயிலில் போடுகிறாயே என்று அண்ணன் அவற்றை இழுத்துப் போட்டான். எனக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை முற்றி, நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சனிக்கிழமை அண்ணி கடையிலிருந்து முகம் வெளிறி வந்தாள். நேரே என் அறைக்குத்தான் வந்தாள். லென்ஸ் தேய்க்கும் மிஷின் முன்னால் எப்போதும் ஒரு ரப்பர் விரிப்பு கிடக்குமாம். அன்று அதைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறும் தரையில் நின்று மிஷினைத் தொட்டதும், அதே சுர்ர். பக்கத்தில் இருந்தவர் அவளைப் பிடித்து இழுத்து, விரிப்பு இல்லாமல் அதைத் தொடலாமா என்று கத்தியிருக்கிறார்.

"உங்க அண்ணன் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுறார்," என்றாள்.

குதிகால் வலிக்காக டாக்டர் சொன்னதிலிருந்து அண்ணன் வீட்டுக்குள்ளும் தடித்த ரப்பர் செருப்போடுதான் நடப்பான். கட்டில் விளிம்பு வரை அதுதான். அண்ணி வெறுங்கால். உருண்டைக்கு நாலும் வெறுங்கால்தான். இப்போதே போய்ச் சொல்வோம், வா என்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொன்னா, கழட்டிட்டுத் தொட்டுக் காட்டுவார். அவரைத் தெரியாதா உனக்கு?"

தெரியும். வீம்புக்குத் தொடுகிறவன்தான். அதனால் திங்கட்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம், பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டு பொம்பளைகள் எடுத்த முடிவு, அடுத்த நாளே கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனோடு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர்கள் செடிச் சுவரைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் இலை பளபளக்க வேண்டுமென்று வாளியை நிரப்பித் திறந்துவிட்டிருந்தான். தட்டு வழிந்து தரையெல்லாம் ஈரம். வந்தவர்கள் உருண்டையைக் கொஞ்சக் கேட்டார்கள், கொடுக்காமல் எப்படி இருப்பது? ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனான். நான் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணி சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் எப்படித் தவழ்கிறான் பாருங்கள் என்று அண்ணன் பிள்ளையைத் தரையில் விட்டான்.

நான் வாசற்படி ஏறும்போது அண்ணி டீத் தட்டோடு ஹாலுக்குள் வந்தாள். உருண்டை சட்டத்துக்கு முன்னால் ஈரத்தில் உட்கார்ந்து ஒரு கையைத் தூக்கிவிட்டான். தட்டு விழுந்தது. அண்ணி ஓடினாள், ஆனால் பிள்ளையிடம் அல்ல. எதிர்ப்பக்கமாக, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு, வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் அதற்கு எப்படி ஓடுவது என்று அவள் மனசுக்குள் எத்தனை தரம் ஓடிப் பார்த்திருப்பாளோ. சுவிட்ச் டமாரென்று இறங்கியது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது.

பால்கனி வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் பார்த்தோம். உருண்டை இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். இதுதான் அவன் தானாக எழுந்து நின்ற முதல் தடவை. எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். அண்ணனுக்கு அவமானம் தாங்கவில்லை. எங்க வீட்டுப் பயில்வானுக்கு இதே வேலை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சுவிட்சைப் போடு என்றான். அவள் நகரவில்லை. கை சுவிட்ச் மேலேயே இருந்தது. எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"பிள்ளையைத் தூக்கிக்குங்க. செருப்பைக் கழட்டிட்டு, அந்த ஈரத்துல நின்னு, அவன் பிடிச்ச இடத்தை நீங்க பிடிங்க. அப்புறம் போடறேன்."

அவள் போட்டிருக்கவே மாட்டாள், எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அது தெரியாது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று முனகிக்கொண்டே வலது காலைச் செருப்பிலிருந்து உருவினான். பாதம் ஈரத் தரையில் பட்டது. அப்படியே நின்றான். தன் பாதத்தைப் பார்த்தான், ரப்பர் செருப்பைப் பார்த்தான், பிள்ளையின் ஈரக் காலைப் பார்த்தான். பிறகு காலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, உருண்டையின் விரல்களை இரும்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அவனைத் தூக்கிக்கொண்டான். வந்தவர்கள் டீ குடிக்காமலே கிளம்பினார்கள்.

அன்று இரவு முழுக்க யாரும் மெயினைப் போடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் வந்து சட்டத்தின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார். சுவருக்குள் போகும் ஒயரின் தோலை அது உரசி உரித்திருந்தது. சுவர் காய்ந்திருக்கும்வரை சும்மா இருந்திருக்கிறது, ஈரம் பட்டதும் இரும்புக்கு வந்திருக்கிறது. டிரிப்பரைக் கழற்றியது யார் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு மூவரும் சமையலறையில் டீயோடு உட்கார்ந்தோம். உருண்டை அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் டம்ளரைக் கையில் எடுத்தான். பயில்வான் என்று ஆரம்பிப்பான் என்று நினைத்தேன்.

"வேற எதுக்கெல்லாம் பயப்படறே? சொல்லு," என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள். அந்த கேஸ் டியூப் வாங்கி எத்தனை காலமாச்சு என்று மெல்லக் கேட்டாள். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய், அடுப்புக்குக் கீழே முழங்கால் போட்டுக் குனிந்து டியூபைத் தடவிப் பார்த்தான்.