கன்றுக்குட்டிக்கு எடுத்த படம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது கன்றுக்குட்டிதான். மனிதர்கள் யாருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

அம்மா பெங்களூர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோயோடு படுத்திருந்தாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை திரும்பி வந்தவர், "உங்கம்மாவுக்குக் கன்னுக்குட்டியப் பாக்கணுமாம்" என்றார். பசு செத்துப்போனதால் அம்மாவே விரலைப் பாலில் நனைத்துச் சப்பக்கொடுத்து வளர்த்த செவலைக் கன்று அது. என்னைப் பார்க்கவேண்டும் என்று சொன்னாளா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் கன்றை ஓட்டிப்போக முடியாது. அதனால் அப்பா ஓசூரிலிருந்து படக்காரரை அழைத்துவந்தார். அவர் மூன்று கால் வைத்த பெட்டியை வாசலில் நிறுத்தினார். அவர் உட்காருவதற்கு நாற்காலி வாங்கிவர என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"படக்காரர் வந்திருக்காரு அத்தை. நாற்காலி வேணுமாம்" என்றேன்.

அத்தை கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏதாச்சும் தின்னியாடா கண்ணு?" என்றாள். நாற்காலி கேட்டதற்கு இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன்.

மத்திகிரியில் எங்கள் தெருவுக்குப் படக்காரர் வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். உயிரோடு இருக்கையில் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களை, செத்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, ஒரே ஒரு படம் எடுத்துவைப்பார்கள். எனக்கு அது தெரியாது.

கன்று நிற்கவில்லை. மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த அப்பா, பண்ணைக் காளைகளைப் படத்துக்கு நிறுத்துவதுபோலப் பக்கவாட்டில், நான்கு காலும் தெரிய நிறுத்தினார்.

"மொகம் தெரியணும் சாமி. வயித்தப் பாத்தா அந்தம்மாவுக்கு அடையாளம் தெரியும்?" என்றார் படக்காரர்.

முகத்தைத் திருப்பினால் பெட்டியை நக்க வந்தது. வெல்லத்தைக் காட்டினால் துள்ளியது. "ஆடுச்சின்னா பொகையாட்டம் வரும். திட்டு நான்தான் வாங்கணும்" என்று அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

வெயில் ஏறியபோது தெருப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் அத்தை, கையில் சாமந்தி மாலையோடு. "மகராசி, இந்தப் புள்ளய உட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வந்துச்சு" என்று ஒப்பாரி வைத்தாள். அப்பா கன்றின் கயிற்றைப் பிடித்தபடியே, "அவ இருக்கா" என்றார். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னார். அழுகை சட்டென்று நின்றது.

"நான் கன்னுக்குட்டிய எடுக்க வந்தேம்மா" என்றார் படக்காரர். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என் வாயில நெருப்ப வைக்க. தப்பா நெனச்சுட்டண்ணா" என்றாள்.

அவள் கையில் தொங்கிய மாலையைக் கன்று தின்ன ஆரம்பித்திருந்தது. வாய்க்கு வேலை கிடைத்ததும் காதைக்கூட ஆட்டாமல் பெட்டியைப் பார்த்து நின்றது. "யாரும் அசையாதீங்க" என்றார் படக்காரர். படம் எடுத்தாயிற்று.

படம் அற்புதமாக வந்திருந்தது. கன்றின் கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. வாயிலிருந்து மாலை தொங்கியது. நான் குதித்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, அதைத் தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனார்.

"அம்மாகிட்டக் காட்டுனியாப்பா?"

"மறந்துட்டன்டா."

அடுத்த முறையும் மறந்தார். அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாளாம். இன்னொரு படம் எடுக்கவும் அவர் ஏற்பாடு செய்யவில்லை. எங்கள் வாசலில் படக்காரரின் பெட்டியை மறுபடி நிறுத்த அவருக்குத் துணிவில்லை என்று இப்போது தெரிகிறது.

சில வாரம் கழித்து அம்மாவை வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். படக்காரரைக் கூப்பிடவா என்று யாரோ கேட்டதற்கு அப்பா வேண்டாமென்று தலையாட்டினார். நான் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். படத்தை எடுத்து, தாளைப் பிரித்து, கன்றின் முகம் அம்மா பக்கம் இருக்கும்படி அவள் கையருகே வைத்தேன். அப்பா மறந்ததை நானாவது மறக்காமல் செய்தேனே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதுவரை கண் கலங்காமல் நின்றிருந்தவர், அதைப் பார்த்ததும் ஏன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.