கைதட்டல்

தாம்பரத்தில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். யார் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொன்னாலும் வகுப்பே கைதட்ட வேண்டும். கூச்சம் போவதற்காக நான் வைத்த வழக்கம் அது.

அன்று 'இஃப்' பாடம். நடக்காமல் போன ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். படப்பையிலிருந்து வரும் மேரி அக்கா எழுந்தார். அன்றைக்கு நான் போனை எடுத்திருந்தால் என் மகன் உயிரோடு இருந்திருப்பான் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

பிழையே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். என்ன சொன்னார் என்பது உறைத்தபோது கைகள் தானாக நின்றன.

“கரெக்டா சார்?”

தலையாட்டினேன்.

“தமிழ்ல இத இன்னும் யாருகிட்டயும் சொன்னதில்ல சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பாடத்துக்கு இப்போதெல்லாம் மழை, குடை என்று நானே உதாரணம் எழுதிப் போட்டுவிடுகிறேன். கைதட்டலைத்தான் எந்தப் பாடத்திலும் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.