ரோஸ் கலரில் பதினேழு திருப்புளிகள்

திருப்புளி அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய தம்பியில் போய்த்தான் நிற்கும். அவ்வளவு தொல்லை அவனால். அக்கா தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவள். தம்பி மின்விசிறி ரிப்பேர் பார்ப்பவன். அக்கா மாடியில், தம்பியும் அம்மாவும் கீழே, நடுவில் பதினான்கு படிகள். அந்தப் படிகளில் அக்காவின் சாமான்கள் இறங்கியதுண்டு, திரும்ப ஏறி யாரும் பார்த்ததில்லை.

கேட்டால் கூசாமல் சொல்வான்: "இது என்னோடதுக்கா. கடையில எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே விக்கிறான்?"

அம்மாவிடம் பஞ்சாயத்துக்குப் போனால், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டி தெரியுது" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வாள். நல்ல நீதிபதி!

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் சின்னத் திருப்புளி காணாமல் போனது. தையல் மெஷினில் அடிநூல் உட்காரும் பாபின் கேஸில் எறும்புத் தலை அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. நூல் இறுக்கமாக ஓடுவதும் தொளதொளவென்று ஓடுவதும் அதன் கையில். கடையில் விற்கும் திருப்புளி எதுவும் அதில் இறங்காது. அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துத் தேய்த்து அதன் முனையை மெலிய வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை சீருடை தைக்கும் பட்டறையில் இருபது மெஷின்கள் அவளுக்காகக் காத்திருந்தன. "இந்தத் தடவையும் நூல் அறுந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். அந்தப் பட்டறை கைவிட்டுப் போனால் அக்காவின் பிழைப்பில் பாதி போச்சு.

"டேய், நீ எடுத்தியா?"

"சத்தியமா நான் பாக்கவே இல்லக்கா."

கண் இமைக்கவே இல்லை. பொய் சொல்லும்போது மட்டும்தான் அவன் இமைக்க மாட்டான். அக்காவுக்கு அது தெரியும். ஆனால் இமையைக் காட்டி அம்மாவிடம் வழக்கு ஜெயிக்க முடியுமா?

போனது போகட்டும், இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். கைப்பிடிக்கெல்லாம் ஒரு கலர் அடித்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்தால் மெஷின் எண்ணெயில் ஊறி உரிந்துவிடும். பெயிண்ட் கடைக்காரர்தான் வழி சொன்னார்: உடைந்த பிளாஸ்டிக்கை, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் கரைத்து அதில் முக்குவது. வழியோடு ஒரு மிரட்டலும் கொடுத்தார். "அடுப்பு, பீடி, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாதும்மா. ரூமுக்குள்ள செய்யாதீங்க, மூச்சு முட்டும். கண்ணாடி ஜாடி, கையில உறை, வேலை முடிஞ்சதும் மூடி. கொஞ்சமாப் பண்ணுங்க."

அக்கா மொட்டை மாடிக்குப் போனாள். முதலில் உடைந்த நீல வாளியை நறுக்கிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வரை அது சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது, கரையவில்லை. எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு மசியாது என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். செத்துப்போன சிவப்புத் தொலைபேசியும் வெள்ளைக் கீபோர்டும் விரலுறையில் பிசுபிசுத்தன. ஆகா, மாட்டிக்கொண்டீர்களா!

உதவி செய்கிறேன் பேர்வழி என்று தம்பி வந்தான். ஜாடிக்கு அளந்து ஊற்றுவதற்காக அசிட்டோனைத் தெர்மாகோல் டீக் கப்பில் பிடித்தான். கப்புக்கு அடி இருந்தது, அடுத்த நொடி இல்லை. மொத்தமும் அவன் செருப்பில்.

"உன்னை யாருடா கூப்பிட்டா? போய்க் காலைக் கழுவுடா மூதேவி!"

சாயங்காலத்துக்குள் ஜாடியில் கெட்டியாக ஒரு குழம்பு சேர்ந்தது. சிவப்பும் வெள்ளையும் கலந்து, சளி பிடித்த மூக்கு மாதிரி ஒரு ரோஸ். வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் மரத்தூளையும் கலந்தாள். தன் மரக்கைப்பிடித் திருப்புளிகள் ஆறையும் முக்கி, துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டிக் காயவிட்டாள். புதன்கிழமை தம்பியை அம்மா முன்னால் நிறுத்தினாள்.

"இனிமே இந்தக் கலர்ல எது இருந்தாலும் என்னோடது. ஒத்துக்கறியா?"

"அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். ரோஸா இருந்தா உன்னோடதுதான். இந்தக் கண்றாவிக் கலரை வேற எவன் தொடுவான்?" என்று இளித்தான்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அக்கா கடை கடையாக ஏறி இறங்கினாள். அந்தத் திருகுக்கு ஒரு திருப்புளியும் அகப்படவில்லை. காய்ந்த துணியை எடுக்கலாம் என்று மொட்டை மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொடி முழுக்க ரோஸ் கலரில் திருப்புளிகள். பக்கத்தில் தம்பி, கையில் காலி ஜாடி.

"மீந்து கிடந்துச்சுக்கா, வீணாப் போகுமேன்னு என்னோடதையும் முக்கிட்டேன். பிடிச்சா வழுக்கவே மாட்டேங்குது, சூப்பர்!"

பதினேழு. அவளுடைய ஆறு போக அவன் முக்கியது பதினொன்று. அக்கா எண்ணிக்கொண்டே போனாள். பதினோராவதாகத் தொங்கிய குட்டித் திருப்புளியின் முனையைக் கட்டை விரலால் தடவினாள். ஒரு வாரம் அரம் போட்ட முனை. விரலுக்குத் தெரியாதா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

"அம்மா! கொஞ்சம் மேல வாயேன்!"

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"இதெல்லாம் என்ன கலரும்மா?"

"ரோஸு."

"ரோஸா இருந்தா யாரோடது?"

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் படபடவென்று இமைத்தான்.

"உன்னோடதுதான்டி. என் தலையில அடிச்சு அவனே சொன்னானே. எனக்கு என் தலை வேணும், எல்லாத்தையும் எடுத்துக்கோ."

வெள்ளிக்கிழமை இருபது மெஷின்களிலும் ஒரு நூல்கூட அறுபடவில்லை. "அடுத்த மாசமும் வந்துடு" என்று முதலாளியம்மா வாயாலேயே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை படியில் செருப்புச் சத்தம். அசிட்டோனில் நனைந்து ஓரம் கோணிய செருப்பு. தம்பி வாசலில் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

"அக்கா, ஒரு ஃபேன் கழட்டணும். என் திருப்புளியைக் கொஞ்சம் தாயேன்."

அக்கா பெட்டியைத் திறந்து பதினேழையும் அவன் முன்னால் பரப்பினாள்.

"உன்னோடது எதுடா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."